பரீட்சைக்கு வராத ஆறு பேர்

சென்ற மாதம் எங்கள் வலயத்தில் புதிதாக நியமனம் பெற்ற ஆசிரிய ஆலோசகர்களுக்கு ஒரு பயிற்சிப் பட்டறை நடந்தது. ஓய்வுபெற்று ஒன்றரை வருடமாக நிந்தவூரில் வீட்டோடு இருக்கும் என்னையும் ஒரு மணித்தியாலம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு, 'ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பெறுபேறுகளை உயர்த்துவது எப்படி'. இந்தப் பரீட்சையை மாற்றப் போகிறார்கள், எடுத்துவிடப் போகிறார்கள் என்று ஆளுக்கொரு கதை அடிபடும் காலம் இது. ஆனாலும் தலைப்பு மாறவில்லை. நானும் பேசினேன். கடைசியில் ஒரு இளம் ஆலோசகர் எழுந்து, "சேர், உங்கட சேர்விஸ்ல ஆகக் கஷ்டமான ஃபைல் எது?" என்று கேட்டார். "இடமாற்றம் கேட்டு வாற டீச்சர்மார்ட ஃபைல்தான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், எனக்கும் தேநீர் வந்தது.

அது தப்பித்துக்கொள்ளச் சொன்ன பதில். உண்மையான பதிலை எழுதிவிடலாம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன். பாடசாலையின் பெயரையும் எங்கள் வலயப் பணிப்பாளரின் பெயரையும் எழுத மாட்டேன். அதிபருக்கும் பிள்ளைக்கும் வேறு பெயர்கள் வைத்திருக்கிறேன். எல்லோரும் இந்தக் கரையோரத்தில்தான் இருக்கிறார்கள், ஒரே பஸ்ஸில் போய்வருகிறோம்.

என் ஆரம்ப காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கணித ஆசிரியனாகச் சேர்ந்தேன். பயிற்சிக் கலாசாலையில் இரண்டு வருடம், உள்ளூர்ப் பாடசாலைகளில் பதினாறு வருடம், பிறகு ஆசிரிய ஆலோசகர். கணினியில் அட்டவணை போடத் தெரிந்த ஆள் அந்த நாளில் அலுவலகத்தில் குறைவு என்பதால் திட்டமிடல் பிரிவுக்கு இழுத்துக்கொண்டார்கள். அங்கேயே இருந்து ஓய்வுபெற்றேன். என் பட்டப்பெயர் 'சதவீத சேர்'. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனால் கன்டீன் பையன் வரைக்கும் தெரியும்.

எங்கள் பக்கத்தில் இந்தப் பரீட்சை எப்படிப்பட்டது என்று வெளியூர்க்காரருக்குச் சொல்ல வேண்டும். பத்து வயதுப் பிள்ளைகள் எழுதுவது. இரண்டு வினாத்தாள், மொத்தம் இருநூறு புள்ளி. வாழ்க்கையில் ஒரு தடவைதான் எழுதலாம். வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் பெரிய பாடசாலையில் இடம் கிடைக்கும், வசதியில்லாத பிள்ளைக்கு உதவிப்பணமும் வரும். பெறுபேறு வந்த மறுநாள் கல்முனையிலிருந்து நிந்தவூர் வரைக்கும் பிரதான வீதியின் இரண்டு பக்கமும் பதாகைகள் ஏறும். தாண்டிய பிள்ளைகளின் முகங்கள், நடுவில் அதிபர், ஒரு மூலையில் வகுப்பாசிரியை. பரீட்சையன்று காலையில் உம்மாமார் பள்ளிவாசலில் ஓதி ஊதிய தண்ணீர்ப் போத்தலோடு பாடசாலைக் கேட்டடியில் நிற்பார்கள். காய்ச்சல், வாந்தி என்று எதுவும் கணக்கில் இல்லை. அம்மை போட்ட பிள்ளையைப் போர்த்துக்கொண்டு வந்து தனி அறையில் எழுத வைத்ததைக் கண்டிருக்கிறேன்.

வெட்டுப்புள்ளியைத் தாண்டுகிறவர்கள் எங்கேயும் கொஞ்சப் பேர்தான். ஆகவே பாடசாலையை அளக்க இன்னொரு கோடு வைத்திருந்தோம், எழுபது புள்ளி. எழுபதை எடுத்த பிள்ளைக்கு வாசிப்பும் கணக்கும் ஓரளவு கைவந்திருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு பாடசாலையிலும் எழுபதும் அதற்கு மேலும் எடுத்தவர்கள் எத்தனை வீதம் என்று கணித்து, எல்லாப் பாடசாலைகளையும் மேலிருந்து கீழாக வரிசைப்படுத்துவது என் வேலை. அதற்கான படிவத்தைத் தயாரித்தவன் நான். எழுபது எடுத்தோரின் எண்ணிக்கையைத் தோற்றியோரின், அதாவது பரீட்சைக்கு வந்து எழுதியவர்களின், எண்ணிக்கையால் பிரித்தேன். தோற்றியோர் என்ற எண் பெறுபேற்று ஆவணத்திலேயே தயாராக இருக்கும். பாடசாலையின் மாணவர் இடாப்பைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியதில்லை. இதைத் தீர்மானிக்க எனக்கு ஒரு நிமிடம் கூட எடுத்திருக்காது.

அந்த வரிசையை உயிருள்ள பொருளாக்கியவர் எங்கள் பணிப்பாளர். நல்ல நிர்வாகி. குரலை உயர்த்த மாட்டார். காலை ஏழரைக்குக் கதிரையில் இருப்பார், எந்தக் கடிதத்திலும் பென்சிலால் மெல்லிய கோடு போட்டுத்தான் திருத்துவார். யாரையும் ஏசியதாக எனக்கு ஞாபகம் இல்லை. அதிபர்கள் கூட்டத்தில் என் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு கீழிருந்து வாசிப்பார். வாசிப்பதற்கு முன்னால் ஆகக் கடைசிப் பாடசாலையின் அதிபரைப் பார்த்து, "தேத்தண்ணி குடிச்சிட்டீங்களா?" என்று அன்பாகக் கேட்பார். அவர் குடித்துவிட்டேன் என்றதும், "அப்ப எழும்பி மூணு நிமிஷம் கதையுங்க" என்பார். கையில் மணிக்கூடு இருக்கும். மூன்று நிமிடம் முடியும் வரை உட்காரச் சொல்ல மாட்டார். பேச எதுவும் இல்லாவிட்டால் சும்மா நிற்க வேண்டும். கூட்டத்துக்கு முந்திய வாரம் அதிபர்கள் ஒருவரை ஒருவர் கண்டால், "இந்த முற தேத்தண்ணி உங்களுக்குத்தானாம்" என்று பகிடி பண்ணிக்கொள்வார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

ஒரு வருடம் அந்தத் தேநீர் மஜீத் அதிபருக்குக் கிடைத்தது. மாவடிப்பள்ளிக்கும் அப்பால், வயல்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு சின்னப் பாடசாலையின் அதிபர் அவர். ஐந்தாம் தரத்தில் இருபது பிள்ளைகள் தேறாது. வாப்பாமார் பெரும்பாலும் வட்டை வயல்களில் கூலி வேலை. விதைப்புக் காலமும் வெட்டுக் காலமும் வந்தால் வயல்வாடிக் குடிசைகளில் குடும்பத்தோடு தங்கிவிடுவார்கள், பிள்ளைகளும் கூடப் போய்விடும். மஜீத் அதிபர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாடி வாடியாகப் போய்ப் பிள்ளைகளை ஏற்றி வருகிற மனுஷன். வெள்ளம் வந்த வருடம் பாடசாலைத் தளபாடங்களைத் தன் வீட்டு விறாந்தையில் அடுக்கி வைத்திருந்தார். அன்றைக்குக் கூட்டத்தில் எழுந்து நின்றார். வாய் திறக்கவில்லை. மூன்று நிமிடமும் தன் செருப்பைப் பார்த்தபடி நின்றுவிட்டு உட்கார்ந்தார். பணிப்பாளர் நன்றி சொல்லிவிட்டு அடுத்த பெயரை வாசித்தார்.

அடுத்த வருடம் பெறுபேறு வந்தபோது அந்தப் பாடசாலை பட்டியலின் நடுவைத் தாண்டி மேலே ஏறியிருந்தது. எனக்குச் சந்தோஷம். இப்படிப்பட்ட ஏற்றங்களைக் காட்ட நான் பச்சை நிறத்தில் ஒரு அம்புக்குறி போடுவது வழக்கம். போட்டேன். பணிப்பாளர் அந்த அம்புக்குறியைக் கண்டு, "பார்த்தீங்களா, கதிரைய விட்டு எழுப்பினா வேல நடக்கும்" என்றார். ஓம் என்று தலையாட்டினேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து வேறொரு தேவைக்காகப் பரீட்சை நிலையங்களின் வரவுத் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முழு வலயத்திலும் சமுகமளிக்காதவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். அதில் ஆறு பேர் ஒரே பாடசாலை, மஜீத் அதிபருடையது. விண்ணப்பித்தவர்கள் பத்தொன்பது, தோற்றியவர்கள் பதின்மூன்று. பதின்மூன்றில் பதினொருவர் எழுபதைத் தாண்டியிருந்தார்கள். கல்குலேட்டரை எடுத்துப் பதினொன்றைப் பத்தொன்பதால் பிரித்துப் பார்த்தேன். அந்தப் பாடசாலை பழைய இடத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

மறுநாள் காலை அந்தப் பாடசாலைக்குப் புறப்பட்டேன். பையில் வழக்கம்போல அந்த வருட வினாத்தாளின் பிரதிகள் இருந்தன. எந்த வினாவில் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள் என்று ஆசிரியர்களோடு கதைப்பதற்காக அவற்றை எங்கேயும் கொண்டு போவேன்.

மஜீத் அதிபர் எதையும் மறைக்கவில்லை. அலுவலக அறைக் கதவைச் சாத்திவிட்டு என் முன்னால் உட்கார்ந்தார்.

"அந்த ஆறு புள்ளையளும் எழுபது எடுக்கிற புள்ளையள் இல்ல சேர். தவணச் சோதினைப் புள்ளியெல்லாம் இரிக்கி, காட்டட்டா?"

"வர வேணாம் எண்டு சொன்னீங்களா?"

"வராட்டியும் பரவால்ல எண்டு சென்ன."

"பெத்தாக்கள் என்ன சொன்ன?"

"காய்ச்சலெண்டு ஒரு கடுதாசி எழுதித் தாங்க எண்டு கேட்ட. தந்தாங்க. ஒரு ஆளும் ஏனெண்டு கேக்கல்ல சேர். கேட்டிருந்தா நான் விட்டிருப்பன்." கொஞ்ச நேரம் மேசையைத் தடவிக்கொண்டிருந்தார். "இன்னொரு முற அந்த இடத்தில எழும்பி நிக்க எனக்கு ஏலாது. செய்யிறத்தச் செய்யுங்க."

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் வேலை இலகுவாகியிருக்கும். கடிதங்களைக் கேட்டேன், எடுத்துத் தந்தார். ஆறும் ஒரே வசனம், ஆறு வேறு கையொப்பம். ஒன்று கைநாட்டு.

முதல் கடிதத்தின் வீடு பாடசாலைக்குக் கிட்டத்தான் இருந்தது. பிள்ளையின் பெயர் ஸுமையா. பாடசாலை விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். வாப்பா வயலுக்குப் போயிருந்தார். உம்மா பன்புல் பாயைத் தட்டி விரித்துவிட்டு, கதிரை ஒன்றைக் கொண்டு வந்து எனக்குப் போட்டார்.

"அண்டைக்கு மகளுக்குக் காய்ச்சலா?" என்று கேட்டேன்.

உம்மா முந்தானையைத் தலையில் சரிசெய்துகொண்டார். "இல்ல சேர். பொய் செல்லப்படாது. அதிபர் சேர் வந்து, இந்தப் புள்ள சோதினையில போய் ஏலாமப் போய் அழுதுபோட்டு வரும், அத விட ஊட்ட இரிக்கட்டும் எண்டு சென்னாரு. நல்லதுக்குத்தானே செல்லுவாரு எண்டு நானும் ஒப்பம் போட்ட."

"மகள் என்ன சொன்ன?"

"யூனிஃபோம உடுத்துக்கிட்டு இரிந்த. பகல் வரைக்கும் கழட்டல்ல."

ஸுமையா கதவுக்கருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அங்கே செய்த காரியத்தைத்தான் இவ்வளவு காலமும் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். என் மண்டைக்குள் ஒரே ஒரு கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. அதிபர் சொன்னது சரியா? இந்தப் பிள்ளை எழுபது எடுக்குமா, எடுக்காதா? அது தெரிந்தால் அறிக்கையை எப்படி எழுதலாம் என்று தெரிந்துவிடும். பையைத் திறந்து வினாத்தாளை எடுத்தேன்.

"மகள், இத எழுதிப் பார்ப்பமா?"

அவள் உம்மாவைப் பார்த்தாள். உம்மா என்னைப் பார்த்தார். வலயத்திலிருந்து வந்த சேர் கேட்டால் யார் மாட்டேன் என்பது? பிளாஸ்டிக் மேசையைத் துடைத்தார்கள். அயல் வீட்டு வானொலியை நிறுத்தச் சொல்லி உம்மா ஆள் அனுப்பினார். பெண்பிள்ளை முகம் கழுவி, பாடசாலைச் சீருடையைத் திரும்ப உடுத்து, இரண்டு பென்சிலோடு வந்து உட்கார்ந்தாள். நான் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்து, மண்டபத்தில் மேற்பார்வையாளர் சொல்வது போலவே, "தொடங்கலாம்" என்றேன். வேலைப் பழக்கம் அது.

முதல் வேலையாகத் தாளின் மேலே இருந்த கட்டங்களில், பரீட்சைக்கென்று தனக்குத் தந்திருந்த சுட்டெண்ணை எழுதினாள். யோசிக்கவில்லை, எதையும் பார்க்கவில்லை. அது மனப்பாடமாக இருந்தது.

"அது தேவல்ல மகள்" என்றேன்.

"போடாட்டி பேப்பர் சேராது எண்டு மிஸ் சென்ன" என்றாள். விட்டுவிட்டேன்.

முதல் தாளை எழுதினாள். கொஞ்ச நேரம் இடைவேளை கொடுத்து இரண்டாம் தாளையும் எழுதினாள். நான் இடையில் எழும்பவில்லை. ஒரு கணக்கில் நீண்ட நேரம் நின்றாள். விரல் மடித்து எண்ணினாள், அழித்தாள், திரும்ப எழுதினாள். நேரம் முடிந்தது என்றதும் பென்சிலை வைத்துவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தாள். அப்படித்தான் பழக்கியிருந்தார்கள்.

"புள்ளி எப்ப வரும் சேர்?" என்று கேட்டாள்.

"திருத்திக்கொண்டு வெள்ளிக்கிழம வாறன்" என்றேன்.

வீட்டுக்கு வந்து புள்ளித் திட்டத்தை வைத்துத் திருத்தினேன். வினாத்தாள் திருத்துவதில் நான் கண்டிப்பானவன். ஒரு புள்ளி கூட இரக்கப்பட்டுப் போடவில்லை. மொத்தம் அறுபத்து மூன்று.

அதிபர் சொன்னது சரி. அந்த எண்ணைக் கண்டதும் என் மனதில் முதலில் வந்தது நிம்மதி. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் எழுதாமல் விட்டால் மற்றதை எழுதியும் பயனில்லை. எழுபதுக்கு மேல் வந்திருந்தால் ஒரு பிள்ளையின் வாய்ப்பைப் பறித்தார்கள் என்று அறிக்கை எழுத வேண்டியிருக்கும். அறுபத்து மூன்று என்றால் விஷயம் சின்னதாகிவிடுகிறது. மஜீத் அதிபர் தப்பலாம், நானும் பச்சை அம்புக்குறியை அழித்துவிட்டுச் சும்மா இருக்கலாம்.

மறுநாள் பணிப்பாளரிடம் போனேன். ஆறு கடிதங்களையும் வரவுத் தாளையும் வைத்தேன். ஸுமையாவின் புள்ளியையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் நிதானமாக வாசித்தார்.

"அறுபத்து மூணு எண்டா, பிள்ளைக்கு ஒரு நட்டமும் இல்லையே" என்றார்.

முந்தின நாள் என் வீட்டு மேசையில் என் மனம் சொன்ன அதே வார்த்தை. இன்னொருவர் வாயிலிருந்து கேட்டபோது அருவருப்பாக இருந்தது.

"சேர், ஆறு பிள்ளையள ஊட்டில வெச்சிட்டுச் சதவீதம் கூட்டியிருக்காங்க" என்றேன்.

"ஓம். பிழைதான்." பென்சிலை எடுத்து என் பட்டியலில் அந்தப் பாடசாலையின் வரியில் மெல்லிய கோடு போட்டார். பிறகு தோற்றியோர் என்ற நிரலின் தலைப்பில் பென்சில் நுனியை வைத்தார். "இதாலதானே பிரிச்சிருக்கீங்க? இந்தப் படிவம் உங்கடதானே?"

என்னுடையதுதான். அவர் கோபமாகச் சொல்லவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. கேட்ட கேள்விக்கு நான் ஓம் என்றேன். ஐந்து வருடமாக அந்தப் படிவத்தை எல்லா அதிபர்களுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தவன் நான். கூட்டத்தில் எழும்பி நிற்காமல் தப்ப ஒரு குறுக்கு வழி இருக்கிறது, அது இந்த நிரலுக்குள்தான் இருக்கிறது என்று ஒவ்வொரு வருடமும் எழுத்தில் அறிவித்துக்கொண்டிருந்திருக்கிறேன். மஜீத் அதிபர் அதைக் கொஞ்சம் பிந்திக் கண்டுபிடித்தார், அவ்வளவுதான். பழைய வருடங்களின் வரவுத் தாள்களைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். வேறு இடங்களிலும் ஒன்றிரண்டு, இரண்டு மூன்று என்று வராதவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் உண்மையிலேயே காய்ச்சலா என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

மஜீத் அதிபருக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. அதைத் தட்டச்சு செய்தவனும் நான்தான். அடுத்த வருடப் படிவத்தில் வகுப்பு இடாப்பில் உள்ள எல்லாப் பிள்ளைகளின் எண்ணிக்கையாலும் பிரித்தேன். முழு வலயமும் மாகாண வரிசையில் இரண்டு படி இறங்கியது. ஏனென்றால் மற்ற வலயங்கள் பழைய மாதிரியே பிரித்தன. பணிப்பாளர் அதற்கும் கையொப்பம் போட்டார். ஆனால் கீழிருந்து வாசிப்பதை அவர் இடமாற்றம் பெற்றுப் போகும் வரை நிறுத்தவில்லை. பட்டறையில் அந்த இளம் ஆலோசகர் கேட்டபோது இவ்வளவையும் சொல்லியிருக்கலாம். ஒரு அதிகாரி தன் பிழையைக் கண்டு திருத்திய கதையாக அது முடிந்திருக்கும், கைதட்டும் கிடைத்திருக்கும்.

ஆனால் படிவத்தைத் திருத்துவதற்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை இருந்தது.

ஜும்ஆ முடிந்து போனேன். வாப்பாவும் வீட்டில் இருந்தார். மெலிந்த மனிதர், சேர்ட் பொத்தானைப் பூட்டிக்கொண்டே வந்து ஸலாம் சொன்னார். ஸுமையா வாசலுக்கு ஓடி வந்தாள். வருவேன் என்று சொன்ன நாளில் வந்திருக்கிறேன் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"எத்தின சேர்?"

"அறுபத்து மூணு மகள்."

நான் ஆறுதல் சொல்ல இரண்டு வசனம் தயார்பண்ணி வைத்திருந்தேன். அதற்கு இடமே இருக்கவில்லை. அவள் உள்ளே திரும்பி, "உம்மா, அறுபத்து மூணாம்! எனக்கு அறுபத்து மூணு!" என்று கத்தினாள். வாப்பா சிரித்தார். உம்மா குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மற்ற பிள்ளைகள் கடையில் போய்க் கணினியில் பார்த்தபோது அவர்களுக்கு ஒரு எண் வந்ததாம். இவள் பார்த்தபோது சமுகமளிக்கவில்லை என்று வந்ததாம். உம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளுக்கு இத்தனை நாளும் ஒரு எண்ணும் இல்லை. இப்போது ஒன்று இருக்கிறது.

திருத்திய தாளைக் கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டி, என் சிவப்பு மையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப கொம்பியூட்டர்லயும் இனி அறுபத்து மூணு எண்டு மாறும்தானே சேர்?"

நான் பொய் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமோ என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

"இல்ல மகள். அது மாறாது. அது அண்டைக்கு மண்டபத்தில எழுதின ஆக்களுக்கு மட்டும்தான்."

"அப்ப இது?"

"இது... அதிபர் சேர் சொன்னது சரியா எண்டு பார்க்கத்தான் உங்களுக்குத் தந்தன்."

வாப்பா தரையைப் பார்த்தார். "சேரோட கனக்கக் கதைக்காத, உள்ள போ புள்ள" என்றார் உம்மா. அவள் போகவில்லை. தாளை முதல் பக்கம் மேலே வரும்படி ஒழுங்காக அடுக்கி, இரண்டு கையாலும் என்னிடம் திருப்பி நீட்டினாள்.

"நான் சோதினை எண்டு நெனச்சித்தான் எழுதின" என்றாள்.